வாரம் இரண்டு பக்கம்: நம் கதையை நாமே எழுதுவோம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "முதுமையில் தனிமை". நான் டாக்டர் இல்லை. எழுத்தாளனும் இல்லை. பி.காம். முடித்துவிட்டு முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு எழுதத்தான் தெரியும். ஆகவே இந்த விஷயத்தையும் கணக்கு எழுதுகிறவன் பக்கத்திலிருந்தே பேசுகிறேன். அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். காபி அதற்குப் பிறகுதான் என்று செயலாளர் சொல்லிவிட்டதால் யாரும் எழுந்து போக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கவுன்டரில் பார்த்தது

வங்கிக் கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்தவனுக்கு ஊரில் யார் யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் பாஸ்புக்கில் கையால்தான் எழுதிக் கொடுப்போம். வாரம் தவறாமல் சில பெரியவர்கள் பாஸ்புக்கோடு வருவார்கள். பென்ஷன் மாதத்துக்கு ஒரு தடவைதான் ஏறும். அது அவர்களுக்கும் தெரியும். "புதுசா ஒண்ணும் ஏறலையே ஐயா" என்று சொன்னால், "பரவாயில்ல தம்பி, சும்மா பாருங்க" என்பார்கள். பார்த்துவிட்டுக் கொடுப்போம். அதற்குள் மகனுக்கு மாற்றல் வந்தது, மருமகளுக்குப் பிரசவம் ஆனது, வீட்டுக் கிணறு வற்றியது எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு ஆள். பாஸ்புக் அதற்கு ஒரு சாக்கு.

இன்றைக்குப் பாஸ்புக்கை மெஷினில் சொருகினால் அதுவே அச்சடித்துத் தருகிறது. பென்ஷன் ஏறினால் போனில் செய்தி வருகிறது. நவம்பர் மாதம் வந்தால் நம்மைப் போன்ற ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் வரிசையில் நிற்போம். கால் வலிக்கும். ஆனால் கூட வேலை பார்த்தவர்களில் யார் வந்திருக்கிறார், யார் இந்த வருடம் வரவில்லை என்று அந்த வரிசையில்தான் தெரியும். 2014-இல் ஜீவன் பிரமாண் வந்தது. விரல் ரேகை போதும். இப்போது முகத்தைப் போனில் காட்டினாலே போதும். முழங்கால் வலிக்காரனுக்கு இது பெரிய வசதி. நான் குறை சொல்லவில்லை. ஆனால் மனிதரை மனிதர் பார்க்க இருந்த சாக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. தபால்காரர் இல்லை, பால்காரர் கதவைத் தட்டுவதில்லை, மளிகைச் சாமான் பையோடு வாசலில் வைக்கப்படுகிறது.

சான்றிதழ் நம்மிடம் கேட்பது ஒரே கேள்வி: உயிரோடு இருக்கிறீர்களா? எப்படி வாழ்ந்தீர்கள் என்று கேட்க அதில் கட்டம் கிடையாது. அந்தக் கேள்விக்கு நாமே ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

தனியாக இருப்பதும் தனிமையும்

தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு. ராமேசுவரம் கோயில் மூன்றாம் பிராகாரத்தில் அமாவாசைக் கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போதும் ஒருவருக்குத் தனிமை இருக்கலாம். தனுஷ்கோடி மணலில் ஒற்றை ஆளாக வலை பின்னிக்கொண்டிருப்பவருக்கு அது துளியும் இல்லாமல் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் வயதானவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மற்றவர்களிடமிருந்து விலகிப்போன நிலையில் இருக்கிறார் என்று கணக்குச் சொல்கிறது. இதை ஆராய்வதற்கென்றே 2023-இல் ஒரு குழுவும் அமைத்தது. ஆகவே இது நம் ஒரு குடியிருப்பின் சங்கதி இல்லை.

எனக்குத் தெரிந்த அளவில் தனிமை என்பது ஆள் குறைவது மட்டும் இல்லை. நம் கதை தெரிந்த ஆள் குறைவது.

என் மனைவி காலமாகி நாலு வருடம் ஆகிறது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இந்த அறையில் பாதிப் பேர் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள். வங்கியில் கணவன் மனைவி பேரில் ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கும்போது "ஐதர் ஆர் சர்வைவர்" என்று எழுதி வாங்குவோம். இருவரில் யாரும் நடத்தலாம், ஒருவர் போனால் இருப்பவர் நடத்தலாம் என்று அர்த்தம். பணத்துக்கு அது சரியாக வேலை செய்கிறது. நினைவுக்குச் செய்யவில்லை. பரமக்குடியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பேர் அவளுக்குத்தான் தெரியும். பெரியவனுக்கு அம்மை போட்டது எந்த வருடம், கடன் வாங்கிப் போட்ட வளையலை எப்போது மீட்டோம், எல்லாம் அவள் பக்கத்துக் கணக்கு. நான் ஒன்று சொன்னால் அவள் "அது அப்படி இல்லைங்க" என்று திருத்துவாள். இப்போது நான் தப்பாகச் சொன்னாலும் திருத்த ஆள் இல்லை. பிள்ளைகளிடம் கேட்டால், "எங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்கிறார்கள். நியாயம்தான்.

என் பக்கத்து மீதியாவது எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கினேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவும் செய்தேன்.

படித்ததில் தெரிந்துகொண்டது

வயதானவர்கள் பழைய கதை பேசினால் "புத்தி தடுமாறுது" என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் மனது பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பது இயற்கை, அது நோயின் அறிகுறி இல்லை, முறையாகச் செய்தால் மனதுக்கு நல்லது என்றார். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகள், பழைய நினைவுகளை முறையாக எடுத்துச் சொல்லும் முதியவர்களுக்கு மனச்சோர்வு ஓரளவு குறைவதாகக் காட்டியிருக்கின்றன.

நம்மவர்களுக்கு இது புதிதில்லை. ஆண்டு முடிவில் ஒவ்வொரு கணக்காக எடுத்துச் சரிபார்க்காமல் எந்தக் கிளையும் லெட்ஜரை மூடாது. மனதும் அதைத்தான் செய்யப் பார்க்கிறது.

இரண்டாவது ஆள், ஜேம்ஸ் பிரென் என்ற பேராசிரியர். முதுமையைப் பற்றி ஆராய்ந்தவர். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1970-களில் அவர் ஒரு எளிய முறையைக் கொண்டுவந்தார். ஏழெட்டுப் பேர் சேர வேண்டியது. வாரத்துக்கு ஒரு தலைப்பு. அந்தத் தலைப்பில் தன் வாழ்க்கையைப் பற்றி ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டியது. கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டியது. மற்றவர்கள் கேட்க வேண்டியது. அவ்வளவுதான். தலைப்புகளும் சாதாரணமானவை: வாழ்க்கை திசை திரும்பிய இடங்கள், குடும்பம், பணம், வேலை, உடல்நலம், சாவைப் பற்றிய எண்ணம், இப்படி. பணம் ஒரு தனித் தலைப்பாக இருந்ததைப் பார்த்தபோது, இவர் விஷயம் தெரிந்தவர் என்று எனக்குப் பட்டது. ஒரு குடும்பத்தின் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். எழுதினால் மனம் லேசாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மை. ஆனால் எழுதி பீரோவில் பூட்டிவைத்தால் தனிமை போகாது. எழுதியதை இன்னொருவர் கேட்கும்போதுதான் நம் கதை தெரிந்த ஆள் ஒருவர் கூடுகிறார். எழுதுவது பாதி, வாசித்துக் காட்டுவது மீதி.

நம் பக்கத்து உதாரணங்கள்

"கதை எழுதுகிற வயசா இது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் பிறந்தது 1855. அவர் தன் வாழ்க்கை வரலாறான "என் சரித்திரம்" நூலை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940 ஜனவரியில். கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்பத்தைந்து வயது ஆகப்போகிறது. வாராவாரம் வந்தது. மொத்தம் 122 அத்தியாயங்கள். 1942 ஏப்ரலில் அவர் காலமானார். கதை அவருடைய நாற்பது சொச்சம் வயதோடு நின்றுபோயிற்று. புத்தகமாக வந்தது 1950-இல். பாதியில் நின்ற அந்தப் புத்தகத்தைத்தான் தமிழில் வந்த மிகச் சிறந்த சுயசரிதை என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். ஆகவே முடிக்க முடியுமா என்ற கவலை நமக்கு வேண்டாம். முடிக்காவிட்டாலும் எழுதியவரை லாபம்.

அவர் தனிமைக்காக எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் எழுதிய விதத்தில் நமக்கு மூன்று பாடம் இருக்கிறது. முதலாவது, "நான்" என்று தொடங்கவில்லை. தன் ஊரான உத்தமதானபுரத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறார். இரண்டாவது, பக்கம் பக்கமாகத் தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றியும், தன்னைப் படிக்கவைக்கப் பாடுபட்ட தகப்பனாரைப் பற்றியும் எழுதுகிறார். தன் கதை என்பது பெரும்பாலும் தனக்கு உதவியவர்கள் கதைதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாவது, அடுத்த வாரம் என்ன என்று காத்திருக்க வாசகர்கள் இருந்தார்கள். நமக்கு விகடன் இல்லை. ஆனால் இந்த ஹால் இருக்கிறது.

அடுத்து நம் ராமேசுவரத்துப் பிள்ளை, டாக்டர் அப்துல் கலாம். "அக்னிச் சிறகுகள்" ஆங்கில மூலம் வெளிவந்தது 1999-இல். அவருக்கு அப்போது அறுபத்தேழு, அறுபத்தெட்டு வயது. அதை அவர் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. அவரோடு வேலை பார்த்த அருண் திவாரி என்பவர் துணையோடுதான் எழுதினார். அதில் ராக்கெட் வருகிறது, ஏவுகணை வருகிறது. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் மறக்காமல் சொல்வது எதை? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேசுவரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடுகிற ரயிலிலிருந்து வெளியே எறிந்தார்கள். அதைப் பொறுக்கிச் சேர்க்க உதவிக்குப் போனவர் சிறுவன் கலாம். அதுதான் முதல் சம்பாத்தியம். இந்தச் சின்ன விஷயம் எந்த அரசு ஆவணத்திலும் இருக்காது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் இல்லாமலே போயிருக்கும்.

"கண் சரியாகத் தெரியவில்லை, கை நடுங்குகிறது" என்று சொல்பவர்கள் திரு.வி.க.வை நினைத்துக்கொள்ளுங்கள். இளமையிலேயே மனைவியையும் பிள்ளைகளையும் இழந்தவர் அவர். 1944-இல் "வாழ்க்கைக் குறிப்புகள்" என்று பெரிய சுயசரிதை எழுதினார். கடைசிக் காலத்தில் பார்வை போயிற்று. அப்போதும் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். அந்த நூல்களுக்கு அவர் வைத்த பேர் "முதுமை உளறல்", "படுக்கைப் பிதற்றல்". நம்மை யாரும் கேலி செய்வதற்கு முன்னால் நாமே சிரித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

"அடுப்படியிலேயே காலம் போயிருச்சு, எங்களுக்கு எழுத என்ன இருக்கு?" என்று அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். வங்காளத்தில் ராஷ்சுந்தரி தேவி என்று ஒரு அம்மா இருந்தார். இருநூறு வருடத்துக்கு முன் பிறந்தவர். பெண்கள் படிக்கக் கூடாது என்றிருந்த வீடு. புத்தகத்திலிருந்து ஒரு ஏட்டை எடுத்து அடுக்களையில் ஒளித்துவைத்து, யாருக்கும் தெரியாமல் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். அறுபது வயதை ஒட்டித் தன் கதையை எழுதினார். வங்காள மொழியில் அதைத்தான் முதல் சுயசரிதை என்கிறார்கள். அதில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. சமையல், பிள்ளைகள், பட்டினி கிடந்த நாட்கள், படிப்பாசை. அடுப்படியில் இருந்துதான் அந்தக் கதையே வந்தது.

இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்குக் கதை இல்லையா?

நாம் இருப்பது சாதாரண இடம் இல்லை. இந்த அறையில் இருக்கும் வயதையெல்லாம் கூட்டினால் ஆயிரத்துக்கு மேல் வரும். அதற்குள் எவ்வளவு சரித்திரம் இருக்கிறது என்று பாருங்கள்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு. தனுஷ்கோடியைப் புயல் அழித்த இரவு. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் கடலோடு போனது. அதில் இருந்தவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்த ஸ்ரீதரனைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அன்று வீட்டையும் படகையும் விட்டுவிட்டு உடுத்திய துணியோடு வந்தவர்கள் மறுநாள் எங்கே சாப்பிட்டார்கள், யார் வேட்டி கொடுத்தார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள் என்பதை யார் எழுதினார்கள்? அன்றைக்குப் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. எனக்கு அப்போது ஐந்தாறு வயது. ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு ஓடு பறந்த சத்தமும், அப்பத்தா எங்களை மரப்பெட்டிக்குப் பக்கத்தில் அணைத்து உட்காரவைத்ததும் மட்டும்தான் நினைவு. என்னைவிடப் பெரியவர்களுக்கு முழுதாகத் தெரியும். அவர்கள் எழுதவில்லை என்றால், தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் போகும் நாள் தூரத்தில் இல்லை.

இலங்கைக் கதை இருக்கிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னையில் சீட்டு வாங்கினால் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போன காலம் ஒன்று இருந்தது. புயலுக்குப் பிறகு ராமேசுவரத்திலிருந்து "ராமானுஜம்" கப்பல் போயிற்று. 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளர்கள் அந்த வழியாகத்தான் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் எத்தனை தலைமுறையைப் பார்த்திருக்கிறது! நம் குடியிருப்பிலேயே அந்தக் கப்பலில் வந்த குடும்பம் உண்டு, அந்தக் கப்பலுக்குச் சாமான் ஏற்றிய குடும்பமும் உண்டு. இரண்டு பேரும் ஒரே தளத்தில் இருந்துகொண்டு அது தெரியாமலே பல வருடம் "வணக்கம்" சொல்லிக்கொண்டிருக்கலாம்.

தண்ணீர்க் கதை இருக்கிறது. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மேலதிகாரிகள் மிரட்டியது நம் மாவட்டத்தைச் சொல்லித்தானே? அப்படி மாற்றலாகி, ரெண்டு வருடத்தில் ஓடிவிட வேண்டும் என்று வந்தவர்கள் இங்கேயே வீடு வாங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏன் போகவில்லை? அதை எழுதுங்கள். ஊற்றுத் தோண்டிச் சிரட்டையில் மொண்டு குடம் நிரப்பிய சகோதரிகள் அதை எழுதுங்கள். காவிரித் தண்ணீர் குழாயில் வந்த முதல் நாள் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போன அண்ணன்மார், அங்கிருந்து வந்த முதல் கடிதத்தை யார் வாசித்துக் காட்டினார்கள் என்று எழுதுங்கள். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தபோது முதல்முறை பஸ்ஸில் கடலைத் தாண்டியதை எழுதுங்கள். 2025-இல் புதிய ரயில் பாலம் திறந்தாகிவிட்டது. பழைய பாலத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்தபோது ஜன்னலில் காசை எடுத்துக் கடலில் போட்ட கை நம் கை.

எப்படி எழுதுவது?

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பிறந்த தேதியிலிருந்து வரிசையாக எழுத உட்காராதீர்கள். ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்குள் சலித்துவிடும். ஒரு பொருளை எடுங்கள். பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, தாலிக்கொடி அடகு ரசீது, இன்லண்ட் லெட்டர், பாத்திரத்தில் வெட்டிய பேர். அதிலிருந்து ஒரு சம்பவம். ஒரு சம்பவத்துக்கு இரண்டு பக்கம் போதும். எனக்குப் பழைய பாஸ்புக்குகள் பெரிய உதவி. 1986 ஜூனில் 400 ரூபாய் எடுத்திருக்கிறேன். எதற்கு என்று யோசித்தால் ஒரு கதை வருகிறது.

இரண்டு: காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். குறிப்பேட்டில் பற்று, வரவு எழுதினால் மட்டும் போதாது. கீழே எதற்காக என்று ஒரு வரி விளக்கம் எழுதினால்தான் பதிவு முழுமை. "1981-இல் வேலை கிடைத்தது" என்பது பற்று வரவு. அந்தச் செய்தியைக் கேட்டு அம்மா என்ன செய்தாள் என்பது அந்தக் கீழ் வரி. கேட்பவருக்கு வேண்டியது அதுதான்.

மூன்று: கை ஒத்துழைக்காவிட்டால் போனில் சொல்லுங்கள். தமிழில் பேசினால் போன் அதுவே எழுதிக்கொள்கிறது. கொஞ்சம் தப்பு வரும், திருத்திக்கொள்ளலாம். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கு உங்கள் குரலைப் பதிவு செய்தே அனுப்புங்கள். நாற்பது வருடம் கழித்து அவர்களுக்கு அந்தக் குரல்தான் சொத்து.

நான்கு: பங்காளிச் சண்டையை எழுதலாம். ஆனால் உயிரோடு இருப்பவரைப் பற்றிய ரகசியத்தைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு வழக்குப் பத்திரமாக மாறக் கூடாது. அதேபோல இதில் ஏ.டி.எம். ரகசிய எண், சொத்துப் பங்கீடு எதையும் எழுதாதீர்கள். உயில் வேறு, கதை வேறு. உயிலை முறைப்படி இரண்டு சாட்சிகளோடு தனியாக எழுதுங்கள். வங்கிக்காரன் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐந்து: சில நினைவு எழுத எழுத வலியைக் கூட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த இடத்துக்குப் போக விருப்பமில்லை என்றால் போக வேண்டாம். எழுதுவது மருந்துக்கு மாற்று இல்லை. பல நாள் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். மனநல ஆலோசனைக்கு அரசின் 14416 என்ற எண்ணும், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற எண்ணும் இருக்கின்றன. இரண்டையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

என் யோசனை

இதை இன்றோடு பேசிவிட்டுக் கலைந்தால் பிரயோஜனம் இல்லை. ஆகவே சங்கத்தின் முன் ஒரு யோசனை வைக்கிறேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, இதே ஹாலில், ஒரு மணி நேரம். அதிகபட்சம் எட்டுப் பேர். அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் இரண்டு பக்கம். வாசிக்க ஐந்து நிமிடம். வாசித்ததைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இலக்கணப் பிழை திருத்தக் கூடாது. "எங்க வீட்ல இதைவிடப் பெரிய கூத்து" என்று நடுவில் ஆரம்பிக்கக் கூடாது. ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், அதுவும் அடுத்த வாரம் அவர் எழுத உதவுகிற கேள்வியாக இருக்க வேண்டும். அரசியல் வேண்டாம். பராமரிப்புக் கட்டணம் பற்றிய பேச்சு கண்டிப்பாக வேண்டாம்.

எழுத வராதவர்கள் கேட்க வரலாம். கேட்பதும் சேவைதான். இளைய தலைமுறைக்கும் வேலை உண்டு. லீவு நாளில் ஒரு பிள்ளை ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் தமிழும் தேறும். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள் நம் குடியிருப்பில் மூன்று பேர் இருக்கிறார்கள். நாம் இரண்டு பேராகச் சேர்ந்து அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டு எழுதி வரலாம். விருப்பப்படுகிறவர்களின் பக்கங்களை, அவர்கள் சம்மதத்தோடு, இந்தக் காலாண்டு மடலில் போட ஆசிரியர் குழு ஒத்துக்கொண்டிருக்கிறது.

முதல் வாரத் தலைப்பு: "நான் முதன்முதலில் பாம்பன் பாலத்தைத் தாண்டிய நாள்". பாலத்தையே தாண்டாதவர்கள், ஏன் தாண்டவில்லை என்று எழுதலாம்.

பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் காவலாளி மேசையில் இருக்கும் நோட்டில் பேரும் வீட்டு எண்ணும் எழுதுங்கள். பேனா கட்டி வைத்திருக்கிறேன். வங்கிப் பழக்கம், கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறேன்.